எண்ணெய்ச் சட்டி ஏறாத வீட்டு இனிப்பு

தீபாவளிக் காலை. என் கையில் ஒரு கண்ணாடி ட்ரே, அதில் பாதி அடுக்கிய மேரி பிஸ்கட். எதிரில் கதவு திறந்த ஃப்ரிட்ஜ். அதற்குள் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கக்கூட இடமில்லை.

என் சிநேகிதி அரசியின் சமையலறையில் நான் அப்படி நின்றது சில வருஷங்களுக்கு முன்னால். இன்றைக்கும் எங்காவது ஃப்ரிட்ஜைத் திறந்து நெய்யும் ஏலக்காயும் கலந்த குளிர்ந்த வாசனை வந்தால் அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது.

மேல் தட்டில் மைசூர்பாகும் பாதுஷாவும். நடுத் தட்டில் பூந்தி லட்டு, எவர்சில்வர் டப்பாவுக்கு மேல் டப்பாவாக. காய்கறி வைக்கிற இழுப்பறையில் பிரிக்காத சோன்பப்டிப் பெட்டிகள். முட்டை வைக்கும் குழிகளில் யார் வீட்டு ரவா லட்டோ ஒவ்வொன்றாக உட்கார்ந்திருந்தது. எல்லாமே எங்கள் அபார்ட்மெண்ட்டின் மற்ற வீடுகளிலிருந்து வந்தவை.

அரசி வீட்டில் அந்த வருஷம் தீபாவளி கிடையாது. அதனால்தான் அத்தனை இனிப்பு.

வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஒருவர் இறந்து வருஷம் திரும்பும்வரை அந்த வீட்டில் பண்டிகை இல்லை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. பலகாரம் சுடக் கூடாது. அவர்கள் சுடவில்லையே என்று அக்கம்பக்கத்தார் கொடுத்தனுப்புவார்கள். ஒருவர் கொடுத்தால் அது ஒரு தட்டு. எங்கள் அபார்ட்மெண்ட்டிலோ ஒருவர் விடாமல் நல்லவர்கள். இரண்டே பெண்கள் இருந்த, இரண்டு பேருக்குமே நாக்கில் ருசி செத்துப்போயிருந்த வீட்டில், அந்தக் கட்டடத்திலேயே அதிகமான இனிப்பு இருந்தது.

"ட்ரேய எங்க வெக்கறது?" என்று கேட்டேன்.

அரசி ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாகுக்குப் பயந்தவள்

அந்த ட்ரேயை என் கையிலேயே விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

சென்ற வாரம் ஜாங்கிரிப் பாகு முறுகிக் கல்லாகிப்போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, உங்களுக்குப் பாகே வராது போலிருக்கிறதே, பிறகு எந்த தைரியத்தில் இனிப்பைப் பற்றித் தொடர் எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

வராதுதான். கம்பிப் பாகு, உருட்டுப் பாகு, தக்காளிப் பாகு எல்லாம் எனக்குக் கேள்வி ஞானம். ஆனால் அடுப்பே பற்றவைக்காமல் இருபது பேர் விரலைச் சப்பும்படி ஓர் இனிப்பு செய்யச் சொல்லுங்கள், செய்து காட்டுகிறேன். அந்த விஷயத்தில் இந்த பெங்களூரில் எனக்கு நிகர் நான்தான். தன்னடக்கம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அதை வேறு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வித்தையை நான் யாரிடமும் கற்கவில்லை. ஒரு தடையிலிருந்து வந்தது.

நானும் அரசியும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு லேடீஸ் பிஜியில், பெண்கள் தங்கும் விடுதியில், இருந்தோம். நான் குடியாத்தத்துக்காரி, அவள் ஊத்தங்கரை. ஒரே அறை, எதிரெதிர்க் கட்டில். சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் முதல் விதி, அறையில் ஸ்டவ், இண்டக்ஷன், கெட்டில் எதுவும் கூடாது என்பது. நடத்திய ஆன்ட்டி நெல்லூர்ப் பக்கம். அவர் கண்ணால் சோதனை போட மாட்டார், மூக்கால் போடுவார். மூன்றாவது மாடியில் யாராவது நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் தரைத்தளத்தில் அவருக்குத் தும்மல் வரும்.

சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெல்லம் போட்ட சாம்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு கேசரி. அதைக் கரண்டியால் எடுக்க முடியாது, பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பிறந்தநாள் ட்ரே

ஒரு நாள் அரசியின் அம்மா விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். எடுத்தால், புது டிரஸ் போட்டியா, கோயிலுக்குப் போனியா என்று கேள்வி. அன்றைக்கு அவளுக்குப் பிறந்தநாள் என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. என்னிடமே சொல்லவில்லை.

கோபத்தோடு தெருமுனைக் கடைக்குப் போனேன். மேரி பிஸ்கட், ஒரு டப்பா கண்டென்ஸ்டு மில்க், கொஞ்சம் முந்திரி. கீழே மெஸ்ஸில் ஃபிளாஸ்க் நிறைய டீ இருந்தது, குடிக்க லாயக்கில்லாத டீ. பிஸ்கட்டை அதில் முக்கி முக்கி ஒரு தட்டில் அடுக்கினேன். மேலே கண்டென்ஸ்டு மில்க், அதற்கு மேல் மறுபடி பிஸ்கட். அந்த டீ உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் அது இறுக வேண்டும். இருந்த ஒரே ஃப்ரிட்ஜ் ஆன்ட்டியுடையது, அதற்குப் பூட்டு வேறு. தட்டைத் தூக்கிக்கொண்டு அரசிதான் கீழே போனாள். என்ன பேசினாளோ, சாவியோடு வந்தாள். "ஆன்ட்டிக்கும் ஒரு துண்டுன்னு சொன்னேன். ஸ்டவ் இல்லாம பண்ணினதுன்னா வெச்சிக்கோன்னுட்டாங்க" என்றாள்.

சாயங்காலம் அதைத் துண்டு போட்டது அவள்தான். எங்கள் மாடி முழுக்கக் கொடுத்தாள். மேல் மாடிக்கும் போனாள். வாட்ச்மேனுக்கும் அவர் மனைவிக்கும் தனியாக ஒரு மூடியில் எடுத்துப் போனாள். திரும்பி வந்தபோது தட்டில் ஓர் ஓரத்துப் பொடிதான் மிச்சம், அதை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறந்தநாள்காரிக்கே இல்லையா என்று நான் சத்தம் போட்டதற்கு அவள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"செஞ்சது நீ, கொடுத்தது நான். தின்னறதுக்குத்தான் ஊரே இருக்குதே."

அதற்குப் பிறகு அதுவே எங்கள் ஏற்பாடாகிவிட்டது. நான் செய்வேன், அவள் கொடுப்பாள். அவலும் வெல்லமும் தேங்காய்த்துருவலும் பிசைந்து உருண்டை. பேரீச்சம்பழத்தோடு வறுத்த நிலக்கடலையை இடித்து வில்லை. நெய் பாட்டிலை மொட்டைமாடி வெயிலில் வைத்து உருக்கி, பொட்டுக்கடலை மாவில் ஊற்றி மாலாடு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அடுப்பில்லாத எங்கள் பிஜிக்கு அரசியின் கை நீட்டிய தட்டுதான் சர்க்கரை. அவள் தட்டோடு நடந்து போவதைப் பார்த்தால் வாங்குகிறவர்களைவிட அவள் முகம்தான் நிறைந்திருக்கும்.

எனக்கு அந்தக் குணம் கிடையாது. நான் பாராட்டுக்குச் செய்கிறவள்.

குமரன்

அரசிக்குக் கல்யாணம் ஆனது, எனக்கும் ஆனது. இரண்டு பேரும் ஒரே அபார்ட்மெண்ட்டில் பக்கத்துப் பக்கத்து பிளாக்கில் வாடகைக்கு வந்தது தற்செயல் இல்லை. நான் அடம் பிடித்து நடத்திய காரியம் அது.

அவள் கணவர் குமரன் திருப்பத்தூர்க்காரர். அதிகம் பேச மாட்டார். பண்டிகை வந்தால் அரசி அடுக்கித் தரும் டப்பாக்களை லிஃப்ட்டில் ஏற்றி இறக்குவது அவர் வேலை. எந்த வீட்டில் சர்க்கரை வியாதி, எந்த வீட்டில் முட்டை ஆகாது என்று அவருக்குத்தான் மனப்பாடம்.

ஒரு சித்திரை மாதக் காலையில் கம்பெனி கேபுக்குக் காத்திருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத எனக்கு மனமில்லை. நல்ல மனிதர். அவ்வளவுதான்.

குமரனின் அம்மா திருப்பத்தூரிலிருந்து வந்து மருமகளோடு இருந்துவிட்டார். அரசி அவரை அத்தை என்பாள், நானும் அத்தை என்றே கூப்பிடுவேன். பாலை உறை ஊற்றுவது, துணி மடிப்பது, சத்தத்தை நிறுத்திவிட்டு டிவி பார்ப்பது. இதைத் தவிர அவர் வேறொன்றும் செய்து நான் பார்த்ததில்லை. வழக்கம் மாறக் கூடாது என்பதில் மட்டும் கெட்டி. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்று சொன்னவர் அவர்தான்.

முதலில் வரலட்சுமி விரதத்துக்கு இனிப்பு வந்தது. பிறகு பிள்ளையார் சதுர்த்திக்கு, ஆயுத பூஜைக்கு. ஒவ்வொன்றுக்கும் டப்பாக்கள் வந்து இறங்கின. துக்க வீட்டிலிருந்து எதையும் போட்டுத் தரக் கூடாது என்பதால் அரசி அவற்றைக் கழுவித் துடைத்துக் காலியாகத் திருப்பிக் கொடுத்தாள். டப்பாவை வெறுமனே திருப்புகிற பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவாள். காலி டப்பாவை நீட்டும்போது எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

ஐப்பசி பிறந்ததும் என்னிடம் சொன்னாள், சேலத்தில் அண்ணன் வீட்டோடு போகப் போவதாக. மார்கழியில் வீடு மாறக் கூடாது, அதனால் கார்த்திகைக்குள் காலி செய்துவிடுவாளாம். ஆபீஸில் பேசிவிட்டாளாம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமாம். அத்தையைத் திருப்பத்தூரில் விட்டுவிடுவாளாம். பால்கனியில் மடித்த அட்டைப்பெட்டிகள் ஒரு கட்டு சாய்த்து வைத்திருந்தது.

"இங்க உனக்கு என்னடி குறை? எல்லாரும் எவ்ளோ பாசமா இருக்காங்க" என்றேன்.

"அதான் மலரு" என்றாள். "எல்லாரும் கொடுக்கறாங்க. வாங்கி வாங்கிக் கை மரத்துப் போச்சு. பெல் அடிச்சாலே யாரோ பாவம் பாக்க வந்திருக்காங்கன்னு இருக்குது."

அவள் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கு வேலை இருக்கும், வீடு இருக்கும், இனிப்பு செய்துகூடப் பார்க்கலாம். யாரிடம் கொடுத்தனுப்புவேன்? அவளில்லாத பெங்களூர் எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. அதை அவளிடம் சொல்லாமல், தீபாவளியன்று காலையில் மேரி பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு போனேன்.

அது உன் வீட்டு ஸ்வீட்

இப்போது ட்ரேக்கு வரலாம்.

என் திட்டம் சுலபமானது. எண்ணெய்ச் சட்டிதானே கூடாது? பிஜியில் ஸ்டவ்வே கூடாது, அதையே ஜெயித்தவர்கள் நாங்கள். அதே பிஸ்கட் இனிப்பை அரசி கையால் அரசி வீட்டில் செய்து, அவளையே கொடுக்க வைப்பது. அத்தை ஹாலில் ஊமை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையோடு சமையலறைக்குள் போனதைக் கவனித்தார், மறுபடி டிவிக்குத் திரும்பிக்கொண்டார்.

திட்டம் ஃப்ரிட்ஜின் முன்னால் வந்து நின்றுவிட்டது. இரண்டு மணி நேரமாவது குளிரவேண்டிய இனிப்புக்கு இரண்டு விரல் அகலம் இடம் இல்லை.

"சரி விடு, என் வீட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"வேணாம். அப்போ அது உன் வீட்டு ஸ்வீட்" என்றாள் அரசி.

அவள் சொன்னது சரி. அதற்காகத்தானே நானே வந்திருந்தேன். ட்ரேயை மேடையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் அந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தோம். திறந்தே இருந்ததால் அது பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

யார் முதலில் சிரித்தது என்று ஞாபகமில்லை. நானாகத்தான் இருக்கும். பல மாதங்களுக்குப் பிறகு அரசி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன், வாயைப் பொத்திக்கொண்டு, ஹாலுக்குக் கேட்காமல்.

"இதயெல்லாம் காலி பண்ணாத்தான் இடம் வரும்" என்றாள்.

"காலி பண்ணிடலாம்" என்றேன். அந்த நிமிஷமே எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மேடையில் வைத்தேன். சமையல்காரர்களுக்கு மூளை வேலை செய்வது கையில் சாமான் வந்த பிறகுதான்.

அத்தை கொண்டுவந்த துணி

வந்த இனிப்புகளை வைத்தே புது இனிப்பு. அதுதான் வழி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாமே ஏற்கெனவே திகட்டத் திகட்ட இனிப்பு. அவற்றோடு கண்டென்ஸ்டு மில்க்கையும் சேர்த்தால் சாப்பிடுகிறவர் நேராகப் பல் டாக்டரிடம்தான் போக வேண்டும். இனிப்பை அடக்க ஒரு புளிப்பு வேண்டும். அத்தை தினமும் உறை ஊற்றும் தயிர் ஒரு பெரிய சட்டி நிறைய மேடையில் இருந்தது. கெட்டித் தயிர், அளவான புளிப்பு. தண்ணீரை வடித்துவிட்டால் கிரீம் மாதிரி நிற்கும்.

வடிகட்ட மெல்லிய துணி வேண்டும். அரசி பீரோவைத் திறந்து துப்பட்டா ஒன்றை எடுத்துப் பார்த்தாள், சாயம் போகும் என்றேன். தலையணை உறையை எடுத்தாள், அது தடிப்பம். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தபோது அத்தை வாசற்படியில் நின்றிருந்தார்.

எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. மேடையில் பரப்பிய டப்பாக்களையும் பிஸ்கட்டையும் தயிரையும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திரும்பி உள்ளே போய்விட்டார்.

"கோவம் வந்துடுச்சு" என்றாள் அரசி. அவள் முகம் மறுபடி பழையபடி ஆகிவிட்டது. டப்பாக்களை மூட ஆரம்பித்தாள்.

அத்தை திரும்பி வந்தார். கையில் ஒரு வெள்ளை வேட்டி. மடிப்புக் கலையாதது, நீல ஓரம் போட்டது. குமரன் பொங்கலுக்குக் கட்டுவது. எனக்கும் தெரியும், அரசிக்கும் தெரியும்.

"நல்லா தொவச்சிதான் வெச்சிருக்குது" என்று மட்டும் சொன்னார்.

அரசி வாங்கவில்லை, வாங்க முடியவில்லை. நான்தான் வாங்கினேன். அழுதேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அழுதுகொண்டேதான் தயிரை அதில் கொட்டி, முடிச்சுப் போட்டு, சிங்க் குழாயில் தொங்கவிட்டேன். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அத்தை மறுபடி டிவிக்குப் போய்விட்டார்.

செய்முறை, கேட்பவர்களுக்கு

ஒவ்வொரு வாரமும் அளவு எங்கே என்று கேட்கிறீர்கள். இதற்கு அளவு கிடையாது. உங்கள் வீட்டுக்கு என்ன வந்ததோ அதுதான் அளவு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அடியில் நொறுக்கிய மேரி பிஸ்கட், பால் தெளித்து. அதன் மேல் மைசூர்பாகைப் பொடித்துத் தூவ வேண்டும். எங்களுக்கு வந்ததில் ஒரு மைசூர்பாகு கையால் உடையவில்லை. நாலாவது மாடி ஷைலஜா வீட்டுடையது. ஷைலஜா எங்கள் அசோசியேஷன் செயலாளர், மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். அவருடைய மைசூர்பாகு வருஷாவருஷம் அப்படித்தான் வரும், யாரும் அவரிடம் சொன்னதில்லை. சப்பாத்திக் கட்டையால் நாலு போட்ட பிறகுதான் அது வழிக்கு வந்தது.

அதற்கு மேல் வடித்த தயிரை ஏலக்காய்த் தூளோடு நன்றாக அடித்துப் பரப்ப வேண்டும். சர்க்கரை சேர்க்கக் கூடாது, கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். மேலே உதிர்த்த பூந்தி லட்டு. மறுபடி தயிர். கடைசியில் சோன்பப்டியைப் பஞ்சு மாதிரி பிய்த்துப் போட்டு, நாலு மாதுளை முத்து. அதிரசத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது யாரோடும் ஒத்துப்போகாத ஜாதி.

ட்ரே நிறைந்தது. ஃப்ரிட்ஜிலும் இடம் வந்துவிட்டது.

நாலாவது மாடி

மத்தியானத்துக்கு மேல் அரசி அந்த டப்பாக்களையே எடுத்தாள், வந்த டப்பாக்களை. கழுவித் துடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாளம் வெட்டி வைத்தாள். எந்த வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி எண்ணி வைத்தாள். கை பழைய வேகத்தில் ஓடியது.

கதவு வரைக்கும் போய் நின்றுவிட்டாள்.

"யாராவது வேணாம்னுட்டா?" என்றாள்.

அதை நானும் நினைத்திருந்தேன். நல்ல நாளில் துக்க வீட்டு இனிப்பை வாங்கத் தயங்குகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வழக்கம் அவர்களுக்கும்தான். ஒரு வீட்டில் கை பின்னுக்குப் போனாலும் போதும், கார்த்திகை வரை அவள் காத்திருக்க மாட்டாள். நான் கொண்டுபோய் என் வீட்டிலிருந்து என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். என் வீட்டிலேர்ந்துன்னு சொல்லித்தான் கொடுப்பேன், இல்லேன்னா கொடுக்கவே மாட்டேன் என்றாள்.

முதலில் ஷைலஜா வீடு. அங்கே நடப்பதுதான் மற்ற வீடுகளிலும் நடக்கும், அபார்ட்மெண்ட் அப்படி. நாங்கள் லிஃப்ட்டில் ஏறியபோது அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து ஏறினார். வீட்டை விட்டு அவர் வெளியே வந்து பல மாதம் ஆகியிருந்தது. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. தடுக்கத்தான் வருகிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஷைலஜா கதவைத் திறந்தார். பட்டுப் புடவை, தலையில் மல்லிகை. பின்னால் உறவுக்காரர்கள் பேசும் சத்தம். அரசி டப்பாவை நீட்டினாள். "எங்க வீட்ல செஞ்சது" என்றாள். குரல் உடையவில்லை.

ஷைலஜா டப்பாவைப் பார்த்தார், எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். கை பாதி வந்து நின்றது. அவர் கெட்டவர் அல்ல. தமிழையும் கன்னடத்தையும் கலந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"அரசி அவரே, நிம்ம மனேலி, உங்க வீட்ல, இந்த வருஷம் பண்டிகை இல்ல அல்லவா? ஸ்வீட் பண்ணலாமா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் அத்தை பேசினார்.

"எண்ணெய்ச் சட்டி வெக்கக் கூடாதுன்னுதாம்மா எங்க மாமியா சொல்லிட்டுப் போனாங்க. ஃப்ரிட்ஜப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னார். சிரிக்கவில்லை. நியாயத்தைச் சொல்கிற முகம்தான். ஷைலஜா அவரையே பார்த்தார். பிறகு டப்பாவை வாங்கினார். வாங்கி உள்ளே வைத்துவிடவில்லை. ஸ்பூன் எடுத்துவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்து, வாசலிலேயே நின்று ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். எங்களுக்காகத்தான் அப்படிச் செய்தார் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது வாய் எங்களுக்காக இல்லை.

மூன்றாவது வாய்க்கு அப்புறம் நிறுத்தி, இதற்குள் இருக்கும் பொடி என்ன, ரொம்ப சென்னாகிதே, நல்லா இருக்குதே என்று கேட்டார்.

"உங்க மைசூர்பாகுதான்" என்றேன். சப்பாத்திக் கட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.

நம் மைசூர்பாகா என்று அவர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அடுத்த வீடுகளில் அரசி பெல்லை அழுத்தத் தயங்கவில்லை. இரண்டு வீடுகளில் வாங்கி ஓரமாக வைத்தார்கள், சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். அத்தை ஒவ்வொரு வாசலிலும் பின்னாலேயே நின்றார், அவசியமானால் சொல்ல அந்த வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டு.

பெல்

சாயங்காலம், வெளியே வெடிச் சத்தம் தொடங்கியிருந்தது. மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ட்ரேயின் மூலையில் ஒட்டியிருந்ததை நான் ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை அரசி தனக்கென்று ஒரு பாளம் எடுத்து வைத்துக்கொண்டாளா என்று பார்த்தேன். வைத்துக்கொள்ளவில்லை. சில ஜென்மங்கள் திருந்தாது.

பெல் அடித்தது. அரசியின் தோள் லேசாக இறுகியதைப் பார்த்தேன். போய்த் திறந்தாள்.

ஷைலஜா. கையில் அதே டப்பா. மூடி இல்லை, கழுவவில்லை, ஸ்பூன் அப்படியே உள்ளே கிடந்தது. வெட்கத்தோடு சிரித்தார்.

"நம்ம மனேயவருக்கு, எங்க வீட்டுக்காரருக்கு, வெக்கறதுக்குள்ள எல்லாரும் முடிச்சிட்டாங்க. இன்னும் கொஞ்சம் இருக்குதா?"

சித்திரையிலிருந்து அந்த வாசலுக்கு எவ்வளவோ பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் எதையாவது கொடுக்க வந்தவர்கள். கேட்க வந்தது அவர்தான் முதல் ஆள்.

அரசி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஸ்பூனை வாயிலிருந்து எடுக்காமல் தலையை ஆட்டினேன்.

"தீந்துடுச்சுங்க" என்றாள். பிறகு அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டாள். "இது இங்கயே இருக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் வாங்க, செஞ்சு வெக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்தவள் டப்பாவை சிங்க்கில் போட்டாள். அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, இன்னும் ரெண்டு பாக்கெட் பால் வாங்கணும், இப்பவே உறை ஊத்தினாத்தான் காலைல ஆகும் என்று சொல்லிக்கொண்டே பையைத் தேடினார். அரசி, தயிரை வழித்த பிறகு குழாய் மேலேயே கிடந்த வேட்டியை எடுத்து, அலசிப் பிழிந்து, பால்கனிக்கு எடுத்துப் போனாள். கொடியில் விரித்துப் போட இடம் போதவில்லை. சாய்த்து வைத்திருந்த அட்டைப்பெட்டிக் கட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

மறுநாள் காலையில் அந்த அட்டைப்பெட்டிக் கட்டை நான்தான் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு வந்தேன். யாரையும் கேட்கவில்லை. அரசி மேடையில் பிஸ்கட்டை நொறுக்கிக்கொண்டே பார்த்தாள், எங்கே எடுத்துப் போகிறாய் என்று அவளும் கேட்கவில்லை.